டைம் கீப்பர் காதிலிருந்து எறும்பு போன வருஷம்

நெடுங்கரை பஸ் ஸ்டாண்டில் முப்பத்துநாலு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற தவசிமுத்துவின் இடது காதிலிருந்து எறும்புச் சாரை ஒன்று புறப்பட்டு, தலையணையில் இறங்கி, கட்டில் காலைப் பிடித்துத் தரைக்கு வந்து, சுவரேறி, ஜன்னல் கம்பி வழியாகத் தெருவுக்குப் போனதை அவர் மனைவி குணபாக்கியம் முதன்முதலாகப் பார்த்தது ஓர் ஆவணி மாசத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணிக்கு, கையில் காப்பித் தம்ளரோடு. அவள் கத்தவில்லை, கத்துகிற பொம்பளையும் இல்லை. தம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கடிக்காத, காலில் ஏறினால் தட்டிவிடக்கூட மனசு வராத பிள்ளையார் எறும்பு. ஒவ்வொன்றின் வாயிலும் ரவையைவிடப் பொடிசாக ஒரு வெள்ளைக் குருணை. காதுக்குள்ளே சீனி டப்பாவா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ராஜபாளையம் வண்டி உள்ளே வந்துவிட்டதா என்று கேட்டார். அவர் ரிட்டையராகி எட்டு வருஷம் ஆகியிருந்தது.

தவசிமுத்துவின் தலை லேசுப்பட்ட தலை இல்லை. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வரும், எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும், எந்த டிரைவர் டீக்கடையில் எத்தனை நிமிஷத்தை முழுங்குவான் என்பதெல்லாம் நோட்டைப் பார்க்காமல் சொல்லுவார். இரண்டு நிமிஷத்துக்காகத் தனியார் வண்டிக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்போது இவர் விசிலை வாயில் வைத்தால் போதும், பிடித்த சட்டையை நீவிவிட்டுப் போவார்கள். அதோடு போச்சா? பட்டாளத்துக்குப் போனவன், வாழப் போனவள், வாழாமல் திரும்பி வந்தவள், வேலை தேடிப் போய்ப் பெட்டியில் வந்தவன், ஊரில் பிறந்த அத்தனை பேரும் டைம் ஆபீஸின் அந்தக் கம்பிவலை ஜன்னலைக் கடந்துதான் போக வேண்டும், கடந்துதான் வர வேண்டும். அத்தனை பேரும் அந்தத் தலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், இறங்குகிற பேச்சே இல்லாமல்.

அப்படிப் போனவர்களில் அவருடைய ஒரே மகள் தமயந்தியும் ஒருத்தி. லாரிப் பட்டறையில் ஒயரிங் வேலை பார்த்த வேறு சாதிப் பையன் ஒருத்தனைக் கட்டிக்கொள்வேன் என்று சொன்னாள் என்பதற்காக, அவளைப் பின்னறையில் போட்டு ஒன்பது நாள் பூட்டி வைத்தவள் குணபாக்கியம். பத்தாம் நாள் பூட்டைத் திறந்துவிட்டவர் தவசிமுத்து. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பட்டப்பகலில், அவர் டியூட்டியில் இருக்கும்போதே, அவர் கண்ணெதிரே அந்தப் பையனோடு மகள் ஒரு வண்டியில் ஏறினாள், அவரே விசில் ஊதி வண்டியை அனுப்பி வைத்தார். எந்த ஊர் வண்டி என்பதை மட்டும் சொல்லவில்லை. ஸ்டாண்டில் அன்றைக்கு வேறு யாரும் அதைக் கவனித்திருக்கவும் இல்லை.

குணபாக்கியம் கேட்காத கேள்வியா? அழுது கேட்டாள். அடித்துக்கொண்டு கேட்டாள். மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்து கேட்டாள். முதல் வருஷம் மகளை இழுத்து வருவதற்காகக் கேட்டாள், ஐந்தாம் வருஷம் மன்னிப்பதற்காகக் கேட்டாள், பத்தாம் வருஷத்துக்கு மேல் மன்னிப்புக் கேட்பதற்காகவே கேட்டாள். சோறு போடும்போது கேட்டாள், விளக்கு வைக்கும்போது கேட்டாள். அவர் ஒவ்வொரு தடவையும் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிட்டேன், குணம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. ஊரில் எத்தனையோ ஊமைகள் உண்டு, ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் ஊமையான ஆளை அவள் ஒருத்திதான் கட்டியிருந்தாள்.

அதனால்தான், போன தை மாசம் அவர் சட்டைப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்டபோது, அதற்குப் பிறகு குளியலறைக்குப் போகிற வழியைச் சமையலறையில் தேடியபோது, அவளுக்குப் பயத்தோடு பயமாக வேறொன்றும் வந்தது. சொல்லவே கூசுகிற ஒன்று. மறதி வருகிறதா, வரட்டும். முதலில் சத்தியம் மறந்து போகட்டும், பஸ் மட்டும் அப்புறமாய் மறக்கட்டும். நடுவில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், சத்தியம் போய் பஸ் மிச்சமிருக்கிற நாளில் நான் கேட்பேன், மனுஷர் சொல்லிவிடுவார். கட்டின புருஷனின் புத்தி எந்த வரிசையில் அழிய வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வேண்டிவிட்டு அழுதாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எறும்பு வந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் சபீனா வயசில் சின்னவர், பொறுமைசாலி. காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், சாரைக்கு இடைஞ்சல் இல்லாமல் தலையை நகர்த்திப் பார்த்தார், சீட்டில் இடது காது, எறும்பு என்று எழுதிக்கொண்டார். பிறகு குணபாக்கியத்தை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். மூளைக்குள் கோடிக்கணக்கில் செல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேலை செய்யச் செய்ய அதற்குள் குப்பை சேரும், சேர்ந்ததைக் கூட்டித் தள்ளுவதும் அந்தந்தச் செல்லின் வேலைதான். வயசானால் சிலருக்கு அந்தக் கூட்டுகிற கை ஓய்ந்துவிடும். உள்ளே ஒரு புரதம் மடிய வேண்டிய விதமாக மடியாமல் கோணலாய் மடியும், மடிந்தது சும்மா கிடக்காது, பக்கத்தில் நல்லபடியாக இருப்பதையும் தன்னைப்போல் கோணலாக்கும். வெங்காய மூட்டையில் ஒன்று அழுகினால் மூட்டையே அழுகுவதுபோல. உள்ளே சிக்கு விழும், வெளியே கட்டி தட்டும், சாப்பாடு போகிற பாதை அடைபடும், கடைசியில் செல் தன் குப்பையிலேயே மூச்சு முட்டிச் சாகும்.

"இவருக்கு ஏன் வரணும்?" என்று கேட்டாள் குணபாக்கியம். பீடி சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது, யாரையும் ஒரு வார்த்தை வைதது கிடையாது.

"ஏன்னு முழுசாத் தெரிஞ்சா நான் இங்க உக்காந்து உங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டிருக்க மாட்டேன்மா" என்றார் டாக்டர். "வயசு ஒரு காரணம். பரம்பரை கொஞ்சம். மீதி எங்களுக்கே தெரியலை."

எறும்பைப் பற்றிக் கேட்டதற்கு, அவை கொல்லவில்லை, செத்ததைத்தான் தூக்கிக்கொண்டு போகின்றன, அவற்றைத் தடுக்காதீர்கள், செத்தது உள்ளே தங்கினால் உயிரோடு இருப்பதும் சாகும் என்று இரண்டு தடவை சொன்னார். இதையும் சொன்னார்: ஞாபகம் என்பது ஒரு செல்லுக்குள் பூட்டி வைத்த சாமான் இல்லை, ஒன்றும் இன்னொன்றும் கைகோத்திருக்கிற இடத்தில்தான் அது இருக்கிறது, கை விட்டால் போச்சு. குணபாக்கியம் தலையாட்டினாள். எறும்பு எங்கே போகிறது என்பதிலேயே அவள் புத்தி இருந்தது.

எறும்பு பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனது, வேறெங்கே போகும்? தெருவோரமாகவே ஊர்ந்து, ரேஷன் கடையைச் சுற்றி, ஸ்டாண்டின் வாசலைக் குறுக்கே கடந்து, டைம் ஆபீஸ் அடியில் சிமெண்டு பெயர்ந்த பொந்துக்குள் இறங்கியது. ஊர் இரண்டு நாள் நின்று வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாள் அதற்கு வேண்டிய ஏற்பாட்டைப் பண்ணியது. பிள்ளையார் எறும்பு மேல் சக்கரம் ஏற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று டிரைவர்கள் வாசலிலேயே வண்டியை நிறுத்தினார்கள். சாரை இடைவெளி விடுகிற நேரம் பார்த்துக் கண்டக்டர் இறங்கி நின்று, வரலாம் வரலாம் என்று கை காட்டுவார். புது டைம் கீப்பர் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று நிமிஷம் எறும்புக்கென்று தள்ளிக் கொடுத்தார். அடுத்த மாசமே டைம் போர்டில் அது பெயிண்டால் ஏறிவிட்டது. வார்டு மெம்பர் தன் பங்குக்கு இரண்டு பக்கமும் கல் நட்டு வெள்ளையடித்தார். மழை வந்தபோது யாரோ பழைய தகரத்தை வளைத்துச் சாரைக்குக் கூரை போட்டார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது இதென்ன என்று கேட்டால், அது எங்கள் தவசி சார் ஞாபகம் போகிற வழி என்று, தண்ணீர்க் குழாய் போகிற வழியைச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

ஸ்டாண்டில் பூ விற்கிற தெரசம்மாதான் அதை முதலில் வாயில் வைத்தவள். வேண்டுமென்று செய்யவில்லை. பூக்கூடைக்கு ஏறின எறும்பை ஒதுக்கும்போது அதன் குருணை விரலில் ஒட்டிக்கொண்டது, நூலை எச்சில் தொட்டு முறுக்குகிற பழக்கத்தில் விரல் நாக்குக்குப் போனது. உப்பு கரைகிற நேரம்தான் இருக்கும். அந்த நேரத்துக்குள், செத்துப் பதினொரு வருஷமான அவள் புருஷன் அந்தோணி, தலையில் பலாப்பழத்தோடு தென்காசி வண்டியின் பின்படியில் இறங்கினான், பழத்தைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை உதறிக் கட்டினான், இவள் பக்கம் திரும்புவதற்குள் கரைந்துவிட்டான். தெரசம்மா பூவெல்லாம் கொட்டிக் கிடக்க, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா! எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஊர் வந்து குவிந்தது. எறும்பு முன்னால் ஒரு சீனியை வைத்தால் அது வாயிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டுச் சீனியைத் தூக்கிக்கொண்டு போகும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். காலையில் பல் விளக்கியதும் காகிதத்தில் சீனியை மடித்துக்கொண்டு வந்து சாரையோரம் குந்திக்கொள்வது ஊர் வழக்கமானது. முப்பத்துநாலு வருஷம் அந்த ஜன்னல் வழியாக அவர் பார்த்த முகங்கள் அத்தனையும் இருந்தன. எல்லாம் துண்டு துண்டாகத்தான். ஒருத்திக்கு அவள் அம்மாவின் முதுகு மட்டும் கிடைத்தது. ஒருத்தனுக்கு அண்ணனுடைய ரப்பர் செருப்பும் அது தேய்கிற சத்தமும் கிடைத்தன. பலருக்கு வெறும் டீசல் வாசம்தான், அதையும் கண்ணை மூடிக்கொண்டு அனுபவித்தார்கள். வீட்டில் துக்கம் நடந்தவர்களுக்கு முன்வரிசை விடுவது என்று ஒரு முறையும் தானாக உண்டாகிவிட்டது. யாரும் கெட்டவர்கள் இல்லை. தவசி சார் நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கில் வைத்தார்கள்.

நல்லா இருந்த லட்சணத்தைக் குணபாக்கியம் அல்லவா பார்த்தாள். ஐப்பசியில் அவருக்குத் தேதி போனது. கார்த்திகையில் தேங்காய் என்கிற சொல் போனது, அப்புறம் தேங்காயே போனது. அவள் பெயர் இருந்தது, சத்தியமும் இருந்தது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அவள் சோதித்துப் பார்ப்பாள். தமயந்தி எந்த வண்டியில் போனாள் என்று கேட்டதும், கலங்கிக் கிடக்கிற கண் தெளிந்து, உதடு இறுகும். மற்றதெல்லாம் உதிர உதிர அது மட்டும் பாறையாக நின்றது. ஊரே அவர் தலையைச் சீனி போட்டு வாங்கித் தின்கிறது, எனக்குச் சேர வேண்டிய ஒன்றை எவனோ ஒருத்தன் நாக்கில் போட்டு, டீசல் வாசம் என்று துப்பிவிட்டுப் போய்விட்டால்? அந்த நினைப்பு வந்த அன்றைக்கு அவள் எறும்புச் சாக்பீஸ் வாங்கி வந்தாள்.

நெடுங்கரையில் எவளும் செய்யாத காரியம் அது. செவ்வெறும்புக்குத்தான் சாக்பீஸ் போடுவார்கள், பிள்ளையார் எறும்புக்கு அரிசிமாவு போட்டுத்தான் பழக்கம். இவள் கட்டிலைச் சுற்றி, தலையணையைச் சுற்றி, அவர் காதைச் சுற்றிக்கூட ஈரத்துணியால் துடைத்துவிட்டு மெல்லிசாக ஒரு கோடு போட்டாள். சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவனைக் கொலைகாரன் என்று நினைத்த கதை. டாக்டர் சொன்னது காதில் விழாமலா இருந்தது? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, வேறென்ன சொல்ல. எறும்புச் சாரை அறுந்தது. ஊர்க்காரர்கள் சீனியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, இன்று லீவு போலிருக்கிறது என்று திரும்பிப் போனார்கள். போர்டில் மூன்று நிமிஷம் அப்படியே இருந்தது, வண்டிகள் சும்மாவே நின்று புறப்பட்டன.

முதல் நாள் அவர் தெளிவாகத்தான் இருந்தார். குணம் என்று கூப்பிட்டார், ரசம் கேட்டார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டாம் நாள் இடது நெற்றிப்பொட்டு வீங்கிக் கொதித்தது. மூன்றாம் நாள் வாயில் விட்ட காப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டே இருந்தார், சட்டை முழுக்க வழிந்தது. செத்தது போக வழியில்லாமல் உள்ளேயே குவிந்துவிட்டது, குவிந்தது உயிரோடு இருந்ததன் கழுத்தையும் நெரித்தது. அவள் வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து, நெஞ்சிலும் தலையிலும் அடித்துக்கொண்டே, தரையையும் தலையணையையும் அவர் காதையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

எறும்பு வந்தது. ஒரு சாரையாக இல்லை, நான்கு சாரையாக. மூன்று நாள் பட்டினி கிடந்த எறும்பு எதைப் பார்க்கும்? செத்தது எது, சாகாதது எது என்று பிரிக்க அவற்றுக்குப் பொறுமையில்லை. வெள்ளைக் குருணைகளுக்கு நடுவே ஈரம் காயாமல் பளபளக்கிற குருணைகளும் வர ஆரம்பித்தன. சில இன்னும் லேசாகத் துடித்தன. டாக்டர் சபீனா வீட்டுக்கே வந்து பார்த்தார். மூளைக்குள்ளேயும் கூட்டிப் பெருக்குவதற்கென்று செல்கள் உண்டு, குப்பை அளவுக்கு மீறினால் அவையும் இப்படித்தான் வெறிகொண்டு நல்லதையும் சேர்த்துத் தின்னும் என்றார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, பக்கத்தில் இருங்கள் என்றார். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அன்றைக்குக் குணபாக்கியம் தெருவில் இறங்கிச் சாரையோரம் குந்தியிருந்தவர்கள் முன்னால் போய் நின்றாள். சேலை முந்தியை விரித்துப் பிடித்தாள்.

"உங்க செத்தவங்களையெல்லாம் பாத்துட்டீங்க. என் மக உசிரோட எங்கயோ இருக்கா. அவ மொகம் யார் நாக்குல வந்தாலும் எனக்குச் சொல்லிருங்கப்பா."

ஊருக்கு அப்போதுதான் உறைத்தது. தின்றுகொண்டிருந்தது யார் வீட்டுச் சோறு என்று தெரிந்தவர்கள்போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து நெடுங்கரை தன் செத்தவர்களை விட்டுவிட்டுத் தமயந்தியைத் தேடியது. நான்கு சாரைக்கும் ஆள் போட்டார்கள், முறை வைத்து உட்கார்ந்தார்கள், யார் அப்பா வந்தாலும் யார் அம்மா வந்தாலும் சட்டை பண்ணாமல் அடுத்த குருணையை நாக்கில் வைத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கிடைத்ததைச் சொன்னார்கள். காப்பிக்கொட்டை நிறச் சுடிதார் என்றான் ஒருத்தன். ஜடையில் கனகாம்பரம், நான் கொடுத்ததுதான், எந்த வண்டியில் ஏறினாள் என்றுதான் பார்க்காமல் விட்டேன் என்றாள் தெரசம்மா. ஜன்னலோரத்து சீட், ஒரு தண்ணீர்ப் பாட்டில், சிரிப்பா அழுகையா தெரியாத ஒரு வாய். துண்டுகள் வந்துகொண்டே இருந்தன, அவற்றைச் சேர்த்துக் கட்டுகிற கயிறு மட்டும் கிடைக்கவில்லை. வண்டியின் முகப்பு யாருக்கும் வரவில்லை. டாக்டர் முன்னமே சொன்னதுதானே, கைகோத்த இடத்தில் இருந்த ஞாபகம் கையை விட்டபின் எங்கே இருக்கும்? பதினேழு நாள் தேடி ஊர் களைத்தது. பதினெட்டாம் நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அதற்குள் தவசிமுத்து பாதியாகிவிட்டார். ஆனாலும் குணபாக்கியத்தின் முகம் அவருக்கு இருந்தது. பெயர் வரவில்லை என்றாலும், அவள் அறைக்குள் வந்தால் கையை நீட்டுவார், அவள் கையைப் பிடித்துக்கொண்டால் மூச்சு நிதானமாகும். நாற்பத்தொரு வருஷத்தில் அவர் அவள் கையை அத்தனை நேரம் பிடித்ததே இல்லை. இதுவாவது மிஞ்சியிருக்கிறதே என்று அவளும் உட்கார்ந்திருப்பாள்.

மார்கழி முடிய நான்கு நாள் இருக்கும்போது, முற்பகல் பதினொரு மணிக்கு, அவள் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, காதிலிருந்து ஓர் எறும்பு பின்பக்கமாக நடந்து வந்தது, எதையோ இழுக்க மாட்டாமல் இழுத்துக்கொண்டு. ஒற்றைக் குருணை இல்லை, இரண்டு. இரண்டும் ஈரமாக இருந்தன, இரண்டுக்கும் நடுவே எச்சில் நூல் மாதிரி ஓர் இழை, அறுபடாமல். இரண்டும் சேர்ந்தாற்போல் துடித்துக்கொண்டிருந்தன. அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் நெஞ்சில் பாறையாக நின்றது இதுதான்.

எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, அந்தச் சோடியை விரல் நுனியில் எடுத்துக்கொண்டாள். திரும்பக் காதுக்குள் வைத்தால் ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டினாலும் ஒட்டும். டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம், தெருமுனையில்தான் ஆஸ்பத்திரி. அவர் சோற்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த உருண்டைக்குக் காத்திருந்தார், கண் அவள் மேலேயே இருந்தது. பதினெட்டு வருஷம் பட்டினி கிடந்தவள் விரல் நுனியில் ஒரு பருக்கை. அவள் அதைத் தன் நாக்கில் வைத்துக்கொண்டாள்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வெயில். வண்டி நின்றது, முகப்புப் பலகையில் ஊர்ப் பெயர் மஞ்சள் எழுத்தில் பளிச்சென்று இருந்தது. அவள் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை, படிக்கிற கண் அவருடையது. பையன் பையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். தமயந்தி ஜன்னலுக்கு ஓடி வந்து, வலைக்கடியில் சீட்டு நீட்டுகிற சந்துக்குள் இரண்டு கையையும் விட்டு அவர் கையைப் பிடித்தாள். எத்தனை இளைத்துப்போன கை, ஒன்பது நாள் பூட்டுக்குள் இருந்த கை.

"அம்மா கேப்பாங்கப்பா. தினமும் கேப்பாங்க. சொல்லிறாதீங்க. அம்மா வந்து எதிர்ல நின்னா நான் எல்லாத்தையும் விட்டுட்டு அவங்க பின்னாடியே வந்துருவேன். எனக்கு அவங்கள எதுத்து நிக்கத் தெரியாதுப்பா. சத்தியம் பண்ணுங்க."

அவர் சத்தியம் பண்ணினார். விசிலை வாயில் வைத்தபோது அவர் உதட்டில் வந்த நடுக்கம் குணபாக்கியத்தின் உதட்டில் நடுங்கியது. வண்டி நகர்ந்தது. அதோடு முடியவில்லை, இழையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில் அவளே இருந்தாள். சோறு போட்டுக்கொண்டு கேட்கிற அவள், விளக்கு வைத்துக்கொண்டு கேட்கிற அவள், பதினெட்டு வருஷத்து அவள், ஒவ்வொரு தடவையும் அவர் நெஞ்சில் விழுந்த அடி. சொல்லிவிட்டால் இவள் அழுகை நின்றுவிடும், சொன்னால் அந்தப் பிள்ளை திரும்பவும் பூட்டுக்குள் வந்துவிடும், ஐயோ இரண்டும் என் பிள்ளைகள் மாதிரி அல்லவா இருக்கின்றன என்று அந்த மனுஷர் யாரிடமும் சொல்லாமல் திணறிய திணறல் அத்தனையும் அவள் நாக்கில் கரைந்து தொண்டைக்குள் இறங்கியது.

கண்ணைத் திறந்தபோது அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவள் உருண்டையை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையைப் பிடித்தாள், அந்நியப் பொம்பளை தொட்டுவிட்டதுபோல மரியாதையாகக் கையை உருவிக்கொண்டார். என்ன காரியம் பண்ணினேன் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. மகளும் சத்தியமும் நானும் அவருக்குள் ஒரே இடத்தில்தான் கைகோத்துக்கொண்டு இருந்திருக்கிறோம், இத்தனை நாள் அதில் ஒன்றை மட்டும் தனியாகப் பிடுங்கிவிடலாம் என்று காத்திருந்தேன். வாய்க்குள் விரலை விட்டுக் குமட்டிப் பார்த்தாள். போனது போனதுதான்.

மறுநாள் விடிந்ததும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். ஒரு பையில் இரண்டு சேலையும், போன தீபாவளிக்கு வாங்கி யாருக்கென்று சொல்லாமல் பெட்டியில் வைத்திருந்த ஒரு சுடிதார்த் துணியும் எடுத்துக்கொண்டாள். அவரைத் தனியே விட முடியாது, குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, கையோடு நடத்திப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனாள். தெரசம்மா எழுந்து வந்து, "தெரிஞ்சிருச்சாக்கா?" என்று கேட்டாள். குணபாக்கியம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. கீழ் உதடு இறுகிக்கொண்டது. அது அவர் சத்தியம் கரைந்து இவளுக்குள் ஊறியதா, இல்லை அவளே எடுத்துக்கொண்ட முடிவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த ஊர்ப் பெயர் எனக்குத் தெரியும், ஆனாலும் நானும் சொல்லப்போவதில்லை.

சிமெண்டுப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்த வண்டி வந்து எதிரே நின்றது. படியேறி உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் மகள் வாசலில் போய் நிற்கலாம். போய் நின்றால் அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வருவாளா? வர மாட்டாள், குழந்தை குட்டி என்று இருக்கும், அம்மா என்று கட்டிக்கொள்வாள், சோறு போடுவாள். வந்தாலும் வந்துவிடுவாள். குணபாக்கியம் பைக்காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகப்புப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எந்தப் பலகையைப் பார்க்கிறாள் என்று யாரும் கண்டுகொள்ளக் கூடாதே என்று நடுநடுவே மற்ற வண்டிகளின் பலகையையும் பார்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பையோடு தவிக்கிற ஒரு பொம்பளையைப் பார்த்து, முப்பத்துநாலு வருஷம் கேட்ட கேள்வியை அதே கனிவோடு கேட்டார்.

"எந்த ஊருக்கும்மா போகணும்?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் அந்த மனுஷர் எழுந்து கூட்டிப் போய் ஏற்றிவிடுவார், அது அவருக்கு மறக்கவில்லை.

"எங்கயும் போகலைங்க. சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

உள்ளேயிருந்து விசில் கேட்டது. வண்டி கிளம்பி, எறும்புக்காக வாசலில் மூன்று நிமிஷம் நின்றது. அந்த மூன்று நிமிஷமும் அவள் எழுந்திருக்கவில்லை.